ஆமென் சொன்ன பிறகு திருப்பிய சாவி

மூன்று மாதம் நான் ஜெபிக்கவே இல்லை. அம்மாவோடு இந்தச் சபைக்கு வந்தேன், கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன், எல்லோரும் கண்ணை மூடியபோது நான் நகத்திலிருந்த கிரீஸைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். இதை முதலில் ஒப்புக்கொண்டால்தான் மேலே பேச எனக்கு வாய் வரும்.

போன அக்டோபரில் அப்பா போன் செய்தார். திண்டிவனத்தில் முப்பது வருடம் டாக்சி ஓட்டியவர். அவருடைய பழைய டீசல் அம்பாசிடர்தான் எங்களுக்குச் சோறு போட்டது. "வண்டி சத்தம் மாறிக்கினே போவுதுடா. ஒரு எட்டு வந்து பாரு" என்றார். நான் விழுப்புரத்தில் கார் மெக்கானிக். "அடுத்த வாரம் வர்றேம்பா" என்றேன். நான்காம் நாள் மாரடைப்பில் போய்விட்டார். நாற்பது கிலோமீட்டர் வர எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாளே வண்டியின் பானட்டைத் திறந்தேன். உறவுக்காரர்கள் முகம் சுளித்தார்கள். சுளித்தால் சுளிக்கட்டும், என்னால் சும்மா உட்கார முடியவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. அழுகையும் வரவில்லை. தினமும் வேலை முடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டி அம்மா வீட்டுக்கு ஓடுவேன். அம்மா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருப்பார். "காப்பி போடட்டுமா?" என்பார். "இரும்மா" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுப்பேன்.

பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டேன். இந்த இன்ஜின் ஓடிவிட்டால் அப்பா என்னை மன்னித்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

ஓடவில்லை. திரும்பப் பிரித்தேன், மாட்டினேன். வெள்ளைப் புகையாக இருமியதோடு சரி. டீசல் பம்ப்பைப் பார்த்தேன், குழாயில் இருந்த காற்றை வெளியேற்றினேன், எதிலும் குறை இல்லை. ஜனவரியில் ஒரு சனிக்கிழமை வெறுத்துப்போய், கோலியனூரில் பழைய இரும்பு வாங்குபவருக்குப் போன் செய்தேன். "திங்கக்கிழமை வந்து தூக்கிக்கினு போங்க" என்றேன்.

போனை வைத்துவிட்டு வண்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். மூன்று மாதத்தில் நான் செய்த முதல் ஜெபம் அதுதான். ஜெபம் என்பதைவிடச் சண்டை. 'அப்பா குரலை எடுத்துக்கொண்டீர். அவர் வண்டிச் சத்தத்தையாவது ஒரு தடவை கேட்கவிடும். இல்லாவிட்டால் இனி உம்முடைய வீட்டுப் பக்கம் வரமாட்டேன்.'

மறுநாள் ஞாயிறு. பனி விலகாத காலை. சபைக்குப் புறப்படுமுன் கடைசியாக ஒரு முறை சாவியைத் திருப்பினேன். அதே இருமல்.

"நீ ஏன் ஜெபம் சொல்லாமலே ஸ்டார்ட் பண்ற?" என்றார் அம்மா.

எனக்கு எரிச்சலாக வந்தது. "ஜெபத்துலயாம்மா இன்ஜின் ஓடுது?"

"அது எனக்குத் தெரியாது. உங்கப்பா அந்த சுவிச்ச இழுத்துப் புடிச்சிக்கினு ஆண்டவர் சொல்லிக்குடுத்த ஜெபத்த முழுசா சொல்லுவாரு. ஆமென்னு சொல்லிட்டுதான் சாவியத் திருப்புவாரு. நீ இழுத்த ஒடனே உட்டுட்ற."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் காலத்து டீசல் இன்ஜினுக்குக் குளிரில் ஹீட்டர் சுவிட்சை அரை நிமிடமாவது பிடித்திருக்க வேண்டும். உள்ளே சூடேறினால்தான் டீசல் பற்றும். நான் வேலை பார்ப்பதெல்லாம் புது வண்டிகள், அவற்றுக்கு ஓரிரு நொடி போதும். அந்தப் பழக்கத்தில், எனக்கிருந்த அவசரத்தில், இதையும் அப்படியே விட்டுக்கொண்டிருந்தேன். அப்பா கடிகாரம் பார்க்காமல் ஜெபத்தை வைத்தே நேரத்தை அளந்திருக்கிறார். சின்ன வயதில் பின்சீட்டிலிருந்து கேட்டபோது அதை வெறும் பக்தி என்றுதான் நினைத்தேன்.

அம்மா வந்து பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். சுவிட்சைப் பிடித்தபடி இருவரும் சொன்னோம். மன்னிப்புக் கேட்கிற வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. மிச்சத்தை அம்மாதான் முடித்தார். ஆமென் சொல்லிவிட்டுத் திருப்பினேன்.

இன்ஜின் ஓடத் தொடங்கியது. கதவெல்லாம் கடகடவென்று ஆடியது. ஸ்டியரிங்மேல் கவிழ்ந்து அழுதேன். அம்மா என் முதுகைத் தடவிக்கொண்டே, "அழுடா, ஒண்ணும் இல்ல" என்றார். அன்று சபைக்கு அந்த வண்டியில்தான் வந்தோம். இரும்புக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு, வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அப்பாவிடம் 'அடுத்த வாரம்' என்று சொன்னது இன்னும் உறுத்துகிறது. ஆனால் இன்ஜின் சத்தத்தை வேண்டிக் கேட்டவனுக்கு ஆண்டவர் அம்மாவின் குரலையும் கேட்கவைத்தார். மூன்று மாதமாகப் பதில் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தது. நான்தான் "இரும்மா, இரும்மா" என்று தள்ளிக்கொண்டிருந்தேன்.

உங்களில் யாராவது என்னைப் போல நிலைகொள்ளாமல் தவித்தால், சண்டை போட்டாவது அவரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, ஆமென் வரைக்கும் கையை எடுக்காமல் இருங்கள். இப்போது நான் அம்மா வீட்டுக்குப் போனால் முதலில் காப்பி குடிக்கிறேன். ஸ்பேனரைப் பிறகுதான் எடுக்கிறேன்.