தெற்குச் சுவர்

பக்கத்து வீட்டில் பழைய வேலியைப் பிடுங்கிப் புதிது போடுகிறார்கள். ரெட்வுட் மரத்தை அறுத்தால் ஒரு வாசனை வரும் பாருங்கள், அது அமெரிக்காவில், டப்ளினில் இருக்கிற என்னை இருபது வருஷம் பின்னால் இழுத்துப்போய், மலைச்சரிவில் இருந்த ஒரு வீட்டு வாசலில் நிறுத்திவிடும்.

அப்போது நான் ஒரு சின்ன ஆர்க்கிடெக்ட் ஆபீஸில் புதுசு. ஈரோட்டுக்காரனுக்கு வெயில் என்றால் ஜென்மப் பகை. வரைந்த ஜன்னலுக்கெல்லாம் அகலமாகச் சன்ஷேட் போட்டு, இங்கே குளிர்காலம் என்று ஒன்று உண்டு என ஆபீஸே சிரிக்கும்படி செய்தவன்.

அந்த வீட்டைக் கட்டியவர் நூறு வருஷத்துக்கு முன் மெல்போர்னிலிருந்து கப்பலேறி வந்த ஆர்க்கிடெக்ட். அவர் ஊரில் வெயில் வடக்கிலிருந்து வரும்; இங்கே தெற்கிலிருந்து. அந்தக் கைப்பழக்கத்தில், இங்கே கட்டிய முதல் வீட்டிலேயே கூடத்து ஜன்னல்களை எல்லாம் வடக்கே வைத்துவிட்டார். கூடம் இருட்டு, குளிர். அப்புறம் அவரை நம்பி யாரும் வீடு கட்டக் கொடுக்கவில்லை. கடைசிவரை வேறொருவர் ஆபீஸில் கராஜ்களுக்குப் படம் வரைந்தார். ஊர் நூலகத்துக் கோப்பில் இவ்வளவும் இருந்தது. அதுவரை படித்துவிட்டு, ஆனைக்கும் அடி சறுக்கும் என்று மூடிவைத்தேன். என் சன்ஷேட் அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

வீட்டை வாங்கியிருந்தவர் ஒரு கரூர்க்கார அங்கிள். வடக்கு பார்த்த வீடு என்று ஆசைப்பட்டு வாங்கி, ஒரே டிசம்பரில் நடுங்கிப்போய் எங்களிடம் வந்தார்.

"நீங்க சொல்லுங்க தம்பி, வெச்சுக்கலாமா?"

"வேண்டாம் அங்கிள். டிசைனே தப்பு. இடிச்சிருங்க."

இடிக்கிற அன்று நானும் போயிருந்தேன். பின்பாதி தரைமட்டமான பிறகு கூடத்துக்கு வந்தார்கள். தெற்குச் சுவரில் பூச்சு பெயர்ந்தது. உள்ளே, கூரையை ஒட்டி, வரிசையாக ஏழு ஜன்னல்கள். பிற்பாடு யாரோ ரெட்வுட் பலகையடித்து மறைத்திருக்கிறார்கள். பலகைகள் விழ விழக் கூடம் முழுக்க வெயில். அங்கிள் அந்த வெயிலில் போய் நின்றார்.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா கீப் பண்ணியிருப்பேன் தம்பி."

மறுநாள் கோப்பை மறுபடி திறந்தேன். நான் படிக்காமல் விட்ட கடைசித் தாள்களில் அந்த ஜன்னல்களின் படம் இருந்தது, அந்த மெல்போர்ன்காரர் கைப்பட வரைந்தது. வீடு கட்டிய இரண்டாவது குளிர்காலத்தில், யாரும் கூப்பிடாமலே திரும்பி வந்து சுவரைத் திறந்திருக்கிறார். தப்பைத் திருத்திவிட்டுப் போன மனிதரைத்தான் தப்பு என்று சொன்னேன். இன்றுவரை வெட்கமாக இருக்கிறது.

அவர் பெயர் சொல்ல இந்த நாட்டில் இருந்தது அந்த ஒரு வீடுதான். இப்போது அந்த இடத்தில் நிற்பது நான் வரைந்த வீடு.