வெள்ளிக்கிழமை எடுக்காத மாதிரி

மூக்கில் மாதிரி எடுக்கும் ஸ்வாப் குழாய்கள் வரும் பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. மாதிரியைக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்குமாம். படித்த உடனே விரல்விட்டு எண்ணினேன். வெள்ளி மதியம் எடுத்தால் திங்கள் காலைவரை தாராளமாகத் தாங்கும். அருமையான யோசனை!

காய்ச்சல், கடும் இருமலோடு எங்கள் மருத்துவமனையில் சேருகிறவர்களின் மூக்கில் மாதிரி எடுத்து, எந்த வைரஸ் என்று பார்க்க ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது என் வேலை. அன்றன்றைய மாதிரி மறுநாள்தான் ஆய்வுக்கூட வேனில் போகும்; சனி, ஞாயிறு வேன் வராது. அதனால் வெள்ளிக்கிழமை மாதிரி எடுப்பதில்லை. எனக்கு முன்பிருந்தவரும் எடுத்ததில்லை. எதற்கெடுத்தாலும் ஏன், எதற்கு என்று எல்லாரையும் நச்சரிக்கும் நான் இதை மட்டும் கேட்கவேயில்லை.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஆயர் ஈத்தாம் பசாரில் காய்கறி விற்கும் பெரியவர் ஒருவர் வார்டுக்கு வந்தார். பக்கத்துப் படுக்கைக்காரர் என்னைப் பற்றிச் சொல்லியிருப்பார் போல.

"என்னாம்மா, மூக்குல குச்சி விட வந்தியா?"

"இன்னிக்கு இல்ல அங்கிள். திங்கக்கெழம வரேன்."

"அப்ப நான் தப்பிச்சேன் லா," என்று மூச்சு வாங்கச் சிரித்தார்.

ஞாயிறு மதியம் இறந்துவிட்டார். திங்கள் காலை குழாயோடு போனேன். படுக்கையில் புது விரிப்பு விரித்திருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து, அவருடைய மூக்குக்கண்ணாடியை வாங்கிப் போக மகள் வந்தார். ஜுருவில் தொழிற்சாலை வேலை, சீருடையோடே வந்திருந்தார்.

"தங்கச்சி, எனக்குத்தான் மொதல்ல ஃப்ளூ வந்துச்சு. கிளினிக்ல டெஸ்ட் பண்ணிச் சொன்னாங்க. அப்பாவுக்கும் அதேதானா? நான்தான் கொண்டுபோய்க் குடுத்தேனா?"

"தெரியலக்கா. டெஸ்ட் எடுக்கல."

"ஏன்?"

"வெள்ளிக்கெழம எடுக்க மாட்டோம்க்கா."

"ஓ," என்றார். கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்ததை மறுபடியும் துடைத்தார். என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

சோதனை செய்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டர் பிறகு சொன்னார். அந்த அக்கா கேட்டது அதுவல்லவே. வேறு வைரஸ் என்று ஒரு தாள் வந்திருந்தால் அந்த அக்கா படி இறங்கிப்போகும்போது மனது கொஞ்சம் லேசாகியிருக்கும். அதே வைரஸ் என்றாலும், தெரிந்து அழுதிருப்பார்.

அந்த வரியைப் படித்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் மேலதிகாரி அக்காவிடம் ஓடினேன்.

"வைரஸுக்கு சனி ஞாயிறு லீவாக்கா?"

"வைரஸுக்கு இல்ல, வேனுக்கு லீவு. இப்ப என்னா வேணும் ஒனக்கு?"

பொடி எழுத்தைக் காட்டினேன். தன் கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு முறை படித்தார்.

"ஒரு மாசம் செஞ்சு பாரு. எழுதி வை. திங்கக்கெழம மொத வேன்ல போகணும்," என்றார்.

குளிர்பெட்டியின் மேல்தட்டைக் காலி செய்துவிட்டேன். பெரியவரின் மகளுக்குக் கொடுக்க இன்னும் என்னிடம் பதில் இல்லை, இனிமேலும் இருக்காது. நாளை வெள்ளி. மதியம் மூன்று மணிக்கு, அந்த விரிப்பு மாற்றிய படுக்கையிலிருந்து தொடங்கப்போகிறேன்.