நான் வரைந்த சந்தைக்கு ஒரே வாசல்

கடந்த திங்கட்கிழமை காலை, வாவிக்குள் முழங்கால் தண்ணீரில் நின்ற ஒரு பெண்ணின் முன்னால் நான் தலை குனிந்து நின்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் மனதுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்!

என்ன நடந்தது என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தானே வந்திருக்கிறேன்...

இரண்டு மாதமாக ஊரடங்கு. உங்களைப் போலவே நானும் வீட்டுக்குள். ஓய்வு பெற்ற வாத்தியார் வீட்டில் சும்மா இருந்தால் என்ன செய்வார்? மனைவியின் சமையலைத் திருத்துவார். உப்பு, புளி, அடுப்பு நெருப்பு — எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டுக்கொண்டிருந்தேன். அப்படியான ஒரு நாளில்தான் எங்கள் பிரதேச சபைத் தவிசாளர் தொலைபேசி எடுத்தார். சபையின் தலைவர்; ஒரு காலத்தில் என்னிடம் புவியியல் படித்தவர்.

"சேர், ஊரடங்கக் கொஞ்சம் கொஞ்சமாத் தளர்த்தப் போறாங்களாம். சந்தையத் திறக்கிறதுக்கு எங்களைத்தான் பிளான் போடச் சொல்லியிருக்கு. படம் ஒண்டு வரைய வேணும். நீங்க வந்தா நல்லம்."

நான் யோசிப்பது போல ஒரு பாவனை காட்டுவதற்குள் குசினிக்குள் இருந்து மனைவியின் குரல் வந்துவிட்டது.

"போங்க, போய்ச் சந்தையத் திருத்துங்க. என்ட கறிக்கும் கொஞ்சம் விடுதலை கிடைக்கட்டும்."

போனேன். சபை மண்டபத்தில் கதிரைகளை எட்ட எட்டப் போட்டிருந்தார்கள். பேசுகிறவர் மாஸ்க்கை நாடிக்கு இறக்குவார். பேசி முடிந்ததும் மூக்குக்கு ஏற்றுவார். கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான் கிருமி வரும், பேசும்போது வராது என்று எங்கள் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை! சுகாதாரப் பரிசோதகர் மட்டும் மாஸ்க்கை இறக்கவே இல்லை. எங்கள் ஊரில் அவரைப் பி.எச்.ஐ. என்றால்தான் தெரியும். இளம் மனிதர். இரண்டு மாதமாக வீடு வீடாகத் திரிந்ததில் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது.

சபையைத் திட்டுவது நமக்கெல்லாம் ஒரு பொழுதுபோக்கு. இதே பத்தியில் நானும் எத்தனை முறை திட்டியிருக்கிறேன் — எரியாத தெருவிளக்கு, ஓடாத வடிகான் என்று. ஆனால் அன்றைக்கு அந்த மண்டபத்தில் இருந்து பார்த்தபோது எனக்கு அவர்கள் மேல் இரக்கம்தான் வந்தது. மேலிடத்துச் சுற்றறிக்கை ஒன்று காலையில் வருகிறது. மத்தியானம் அதை மாற்றி இன்னொன்று வருகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்தையைத் திறக்க வேண்டும்.

"திறந்து ஆருக்கும் கொரோனா வருத்தம் வந்திட்டா என்னத்தான் ஏசுவாங்க," என்றார் தவிசாளர். "திறக்காட்டி, பசியில கிடக்கிறவனும் என்னத்தான் ஏசுவான். எனக்கு நித்திரை இல்ல சேர்."

அதனால் எல்லாவற்றையும் யோசித்தோம். உண்மையாகவே யோசித்தோம்! அடையாள அட்டையின் கடைசி இலக்கப்படி யார் எந்த நாளில் வருவது? வெங்காயக் கடைக்கும் மீன் கடைக்கும் இடையில் எவ்வளவு தூரம்? வயதானவர்கள் வெயிலில் நிற்கலாமா? செங்கலடிப் பக்கமிருந்து வரும் மரக்கறி லொறியை எங்கே நிறுத்துவது? தேங்காய் உரிக்கிறவருக்குத் தனி மூலை வேண்டும் என்றுகூட ஒருவர் சொன்னார். அதற்கும் இடம் ஒதுக்கினோம்.

கடைசியில் தவிசாளர் கேட்டார்: "ஆரையாவது விட்டிட்டமா?"

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஒருவரும் விடுபட்டதாகத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் கல்முனை வீதியால் மோட்டார் சைக்கிளிலும் சைக்கிளிலும் வந்தவர்கள்.

படம் வரைகிற வேலை என்னுடையது. வீட்டு மேசையில் பிரிஸ்டல் போட் அட்டையை விரித்தேன். "முதலில பென்சிலால போடுங்களன்," என்றார் மனைவி. முப்பது வருடம் கரும்பலகையில் இலங்கையைக் கண்ணை மூடிக்கொண்டு வரைந்தவனுக்குப் பென்சிலா? நேரே மார்க்கர் பேனா. வீதி கறுப்பு. கடைகள் பச்சை. ஆட்கள் நிற்கும் வட்டங்கள் மஞ்சள். சந்தைக்குப் பின்னால் வாவி — நீலம். எவ்வளவு அழகாக நீலம் தீட்டினேன் தெரியுமா! அந்த நீலத்தோடு ஊர் முடிந்துவிட்டது என்று என் கை நினைத்துக்கொண்டது.

வாசல் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று பி.எச்.ஐ. சொல்லியிருந்தார். அங்கேதான் கை கழுவும் குழாய், அங்கேதான் பெயர் பதிவு. அதில் நியாயம் இருந்தது. ஆகவே சந்தையின் பின்பக்கத்தில், என் கையாலேயே, சிவப்பில் ஒரு பெரிய குறுக்குக் கோடு போட்டு 'மூடவும்' என்று எழுதினேன். சனிக்கிழமை அந்த இடத்தில் தகரம் அடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓட்டோவில் ஸ்பீக்கர் கட்டி, "நாளை காலை சந்தை திறக்கப்படும்" என்று ஊர் முழுக்க அறிவித்தார்கள்.

திங்கட்கிழமை விடியற்காலையிலேயே வாசலில் பதிவுப் புத்தகத்துடன் உட்கார்ந்துவிட்டேன். வேறு யாரை நம்பலாம்?

சனம் வரிசையில் வந்தது. வட்டத்துக்குள் நின்றது. கை கழுவியது. ஒருவர் தான் ஒரு வட்டத்தில் நின்றுகொண்டு, பின்னால் வரப்போகும் மைத்துனருக்காக அடுத்த வட்டத்தில் பையை வைத்திருந்தார். அதைத் தவிர வேறு குழப்பம் இல்லை. தவிசாளர் தூரத்தில் நின்று எனக்குக் கட்டை விரலைக் காட்டினார். என் மனம் குளிர்ந்துபோயிருந்தது, மறைக்க மாட்டேன்.

மூன்று நான்கு பேர் திரும்பிப் போகும்போது ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "தயிர்க்காரங்களக் காணல்லையே சேர்?"

"பயந்திருப்பாங்க போல," என்றேன். "கொரோனாவுக்கு ஆர்தான் பயமில்ல?"

இப்படிப் பதில் சொல்லிவிட்டு அடுத்த பெயரை எழுதினேன். எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் பின்பக்கத்தில் தகரத்தில் தட்டும் சத்தம் கேட்டது. கோபமாகத் தட்டும் சத்தம் அல்ல. வீட்டுக் கதவில் விருந்தாளி தட்டுவது போல, விட்டு விட்டு... மெதுவாக...

போய்த் தகர இடுக்கால் பார்த்தேன்.

ஐந்து தோணிகள். எல்லாவற்றிலும் வைக்கோல் பரப்பி, அதன்மேல் தயிர்ச் சட்டிகள். படுவான்கரைப் பெண்கள். சூரியன் மறைகிற பக்கத்துக் கரையில் எருமைப் பட்டி வைத்திருக்கும் குடும்பங்கள். எருமைத் தயிரைத் தோணியில் ஏற்றி, வாவியைக் கடந்து, எங்கள் சந்தையின் முதுகுப்பக்கத்தில் இறங்குவதுதான் அவர்கள் வழக்கம். நான் கல்யாணம் கட்டிய காலத்தில் இருந்து சாப்பிட்ட தயிரெல்லாம் அந்த வழியால் வந்ததுதான்.

முன் தோணியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றவர் யோகம்மா. என் வீட்டுக்குக் கிழமைக்கு இரண்டு சட்டி கொடுப்பவர்.

"ஆரு, சேரா? இது ஏன் அடைச்சிக் கிடக்கு?"

"யோகம்மா... வாசல் முன்னால. வீதிப் பக்கத்தால வரணும்."

"தோணிய வீதியால எப்படிச் சேர் கொண்டு வாற?"

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பாலத்தால் சுற்றி வருவதென்றால் அரை நாள். பஸ்ஸும் இன்னும் ஓடத் தொடங்கவில்லை.

"நீங்கதானே ஸ்பீக்கர்ல கூப்பிட்டீங்க," என்றார் அவர். "அக்கரைக்கும் நல்லாக் கேட்டிச்சி. அதுதான் ராவைக்கே பால் உறை குத்தி வெச்சிட்டு வந்தம்."

அதற்குப் பிறகு, சட்டிகளைப் பார்த்தபடி சொன்னார். இரண்டு மாதமாகப் பாலைக் கன்றுகளுக்கு விட்டார்களாம். அயலுக்குக் கொடுத்தார்களாம். மோராக்கி ஊற்றினார்களாம். எருமைகளைப் பார்க்க ஆள் கூலிக்கும் வழியில்லை.

"இண்டைக்கும் தயிர் திரும்பி வந்தா, ரெண்டு எருமைய இறைச்சிக்குக் குடுக்கிற எண்டு இவர் சொல்லிட்டார் சேர். நாளைக்கு ஆள் வருவான். பால் கறக்கிற எருமை..."

இந்த இடத்தில்தான் நான் தலை குனிந்து நின்றேன். நின்ற இடம், நான் சிவப்புக் கோடு போட்ட அதே இடம். வாவியைப் பற்றி எத்தனை பாடம் நடத்தியிருப்பேன்! நீளம், அகலம், முகத்துவாரம்... அதன்மேல் ஆட்கள் வருவார்கள் என்பது மட்டும் படத்துக்குள் வரவில்லை.

பி.எச்.ஐ.யும் தவிசாளரும் ஓடி வந்தார்கள். பி.எச்.ஐ. ஒரு பார்வையிலேயே எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டார். ஆனால் தலையை ஆட்டினார்.

"ஏலாது சேர். ஒரு வாசல் எண்டுதான் கையெழுத்தாகிப் போயிருக்கு. ரெண்டாம் வாசலத் திறந்து, பதியாத ஆள் உள்ள வந்து, ஏதும் நடந்தா எங்கட ஊர் முழுக்க அடைபட வேணும். இவங்கட ஊரும்தான்."

அவர் பொல்லாதவர் இல்லை. அவர் சொன்னதும் பொய் இல்லை. வெயில் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. பெண்கள் வைக்கோலில் தண்ணீர் தெளித்தார்கள்.

நான் முன்வாசலுக்குப் போனேன். அறிவித்தல் பலகையில் குத்தியிருந்த என் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்தேன். அதை எல்லோருக்கும் நடுவில் பிடித்தேன். இடுக்கால் யோகம்மாவும் எட்டிப் பார்த்தார்.

"நல்ல வடிவான படம் சேர். இந்த நீலம் என்ன?"

"வாவி."

"இதில நாங்க எங்க நிக்கிறம்?"

தவிசாளர்தான் முதலில் அசைந்தார். மார்க்கரை என் சட்டைப் பையில் இருந்து அவரே எடுத்தார். சிவப்புக் கோட்டின் மேல் ஒரு வெட்டு வெட்டி, பக்கத்தில் தன் கையெழுத்தை வைத்தார். "ஏசுறவங்க என்ன ஏசட்டும்," என்று பி.எச்.ஐ.யின் முகத்தைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க தம்பி, என்ன செஞ்சா இது பிழையில்லாமப் போகும்?"

பி.எச்.ஐ. தோணிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு விரல் மடக்கிச் சொன்னார். அவர்கள் சந்தைக்குள் வரக் கூடாது, வாங்குகிறவர்கள்தான் கரைக்கு வர வேண்டும். பெயர் பதிய வேண்டும். கை கழுவ வேண்டும்.

"கை கழுவவா?" யோகம்மா தன்னைச் சுற்றி இருந்த தண்ணீரைக் காட்டினார்.

"சவுக்காரமும் வேணும் அம்மா," என்றார் பி.எச்.ஐ. முதல் தடவையாக அவர் கண் சிரித்தது.

முன்வாசல் குழாயடியில் இருந்து சவுக்காரக் கட்டி வந்தது. இரண்டு தகரத்தைக் கழற்றினார்கள். அடுத்ததாகக் கரையில் வட்டம் கீற ஒருவர் சுண்ணாம்போடு வந்தார். பி.எச்.ஐ. அவரைத் தடுத்து, தோணிகளைக் காட்டினார். சட்டியோடு சட்டி முட்டி உடைந்துவிடாமல் இருக்க, ஒரு தோணிக்கும் மற்றத் தோணிக்கும் இடையில் ஒரு கம்பு நீளம் விட்டுத்தான் அவர்கள் எப்போதும் நிறுத்துவார்களாம். எங்கள் மஞ்சள் வட்டங்களை விட அது தாராளமான இடைவெளி. சந்தை முழுவதிலும் சட்டம் மீறாத ஒரே இடம், நாங்கள் தகரம் அடித்து மறைத்த இடம்தான்!

பதிவுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நான் பின்பக்கத்துக்கு மாறினேன். தயிர் வந்துவிட்டது என்ற செய்திக்கு ஸ்பீக்கர் தேவைப்படவில்லை. பெயர் எழுதி எழுதிக் கை வலித்தது. வெயில் உச்சிக்கு வருவதற்குள் ஐந்து தோணியிலும் வைக்கோல் மட்டுமே மிஞ்சியது. தோணியைத் தள்ளிக்கொண்டே யோகம்மா திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"எருமை ரெண்டும் நிக்கும் சேர். இவருக்கிட்டச் சொல்றன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாஸ்க் கண்ணை மறைக்காது என்பது அப்போதுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வெறுங்கையோடு போனேன். "வாசல் திறந்த மனிசனுக்கு ஒரு சட்டி தயிர் மிஞ்சல்லையா?" என்று மனைவி கேட்டார். ஊரார் பெயரையெல்லாம் எழுதியவன் தன் பெயரை எழுத மறந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை மீண்டும் மீட்டிங். அடுத்த கிழமைக்கான தளர்வுகள். இந்த முறை தவிசாளர் கதிரை ஒன்றை அதிகமாகப் போடச் சொல்லியிருந்தார். யோகம்மா தோணியில் வந்து, சேலைக் கரை நனைந்தபடி, எங்கள் எல்லோருக்கும் முன்பாகவே வந்து உட்கார்ந்திருந்தார். புதிய படத்தைச் சுவரில் குத்தினேன். இரண்டு வாசல், ஐந்து தோணி, எல்லாம் மார்க்கரில், பளிச்சென்று. "ஆரையாவது விட்டிட்டமா?" என்று தவிசாளர் கேட்டார். இந்த முறை நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. எல்லோரும் யோகம்மாவைப் பார்த்தோம்.

அவர் படத்தை நெடுநேரம் பார்த்தார். தயிருக்கு இன்னும் கொஞ்சம் நிழல் கேட்பார் என்று நினைத்தேன்.

"சந்தை கலைஞ்ச பிறகு குப்பை அள்ளுறாங்களே ரெண்டு பொம்புளைகள்... அவங்க எங்க சேர் கை கழுவுற?"

சபையின் சொந்த ஊழியர்கள். கறுப்பிலும் இல்லை, பச்சையிலும் இல்லை, மஞ்சளிலும் இல்லை.

இனிமேல் பென்சில்தான்.