தட்டச்சுப் பிழை

லூர்து மேரி அடித்த தாளில் பிழை இருக்காது என்பது அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். வடக்கன்குளத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்தவள். ஆங்கிலத்தில் பேசச் சொன்னால் கூச்சப்படுவாள். ஆனால் ஒரு சொல்லின் எழுத்துக்கூட்டில் சந்தேகம் வந்தால் செக்‌ஷன் ஆபீசரே அவளைத்தான் கூப்பிடுவார். மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலிருந்து தினமும் ரயிலேறி வி.டி. ஸ்டேஷனில் இறங்கி, கோட்டைப் பகுதியில் இருந்த அந்த அரசு அலுவலகத்துக்கு நடந்து போவாள். சட்ட முன்வரைவுகளைத் தட்டச்சு செய்வது அவள் வேலை.

அவள் கணவன் ஞானசேகரன் பரேலில் ஒரு நூல் மில்லில் கார்டிங் காத்தாவில் இருந்தான். பஞ்சைச் சீவும் இயந்திரங்கள் ஓடும் பகுதி அது. ஷிப்டு முடிந்து வரும்போது புருவமும் மீசையும் வெளுத்திருக்கும். 1962-இல் அவனுக்கு நெஞ்சடைப்பு தொடங்கியது. முதலில் திங்கட்கிழமைகளில் மட்டும். ஞாயிறு விடுமுறை கழித்து உள்ளே நுழைந்ததும் மூச்சு முட்டும், செவ்வாய் புதனில் தணிந்துவிடும். ஒரு வருஷத்தில் அந்தத் தணிவும் நின்றுபோனது.

அப்போதுதான் டாக்டர் அனந்தகிருஷ்ணன் வந்தார். மாட்டுங்காக்காரர், முப்பது வயதுதான். பஞ்சுத் தூசு நுரையீரலை என்ன செய்கிறது என்று ஆராய்வதற்காக மில் வாசலில் நின்று எண்பது பேரைத் தேர்ந்தெடுத்தார். அதில் ஞானசேகரனும் ஒருவன். அதே காத்தாவில் இருந்த பக்கத்து வீட்டுப் பூலோகமும் ஒருவர். மாதம் ஒரு முறை ஆஸ்பத்திரிக்குப் போய் ரப்பர் குழாயில் மூச்சு உள்ளவரைக்கும் ஊத வேண்டும். டாக்டர் அளவை எழுதிக்கொண்டு ஒரு மாதத்துக்கு மாத்திரை கொடுப்பார். அந்த மாத்திரையால் ஞானசேகரன் மாட்டுங்கா ஸ்டேஷன் பாலத்தை எங்கும் நிற்காமல் ஏறினான். மூன்று வருஷம் அப்படிப் போயிற்று.

1966-இல் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்துவந்த அறக்கட்டளை நிறுத்திவிட்டது. குழாயும் நின்றது, மாத்திரையும் நின்றது. கடையில் வாங்கலாமென்றால் இருவர் சம்பளத்துக்கும் அது கட்டாது. டாக்டர் நேரில் வந்து வருத்தப்பட்டார். சர்க்கார் மருத்துவ ஆராய்ச்சிக்கென்றே ஒரு வாரியம் அமைக்கப்போகிறது, பெரிய நோய்களுக்குப் பெரிய முயற்சிகள் நடக்கும், அதில் முதல் விண்ணப்பம் தன்னுடையதாக இருக்கும் என்றார்.

அந்த வாரியத்தை அமைக்கும் மசோதாவைத்தான் மேரி அந்த வாரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

அதில் பதினேழாவது பிரிவு அவளுக்கு மனப்பாடம். வாரியத்தின் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சிக்குத் தம் உடலைத் தந்தவர்களுக்கு, ஆராய்ச்சி முடிந்த பிறகும், அந்த நோய்க்கான மருத்துவம் ஆயுள் முழுவதும் இலவசமாகத் தரப்பட வேண்டும். யார் எழுதினார்களோ தெரியாது. முதல் முறை அடித்தபோது மேரிக்குக் கண் கலங்கியது. இரண்டாவது வரைவில் ‘ஆயுள் முழுவதும்’ என்பது ‘ஐந்தாண்டுகள்’ ஆனது. மூன்றாவதில் ‘தரப்பட வேண்டும்’ என்பது ‘தரப்படலாம்’ ஆனது. நான்காவதில் ‘நிதி நிலைமைக்கு உட்பட்டு’ என்று சேர்ந்தது. ஐந்தாவது வரைவு மேஜைக்கு வந்தபோது பிரிவின் மேல் சிவப்பு மையில் குறுக்குக்கோடு. ஓரத்தில் யாரோ உயரதிகாரி எழுதியிருந்தார்: ‘ஆராய்ச்சி வாரியம் தர்மாஸ்பத்திரி அல்ல.’

மேரி அதை எடுத்துவிட்டுத்தான் ஸ்டென்சில் வெட்டினாள். தோழி விஜயலக்ஷ்மி மூலத்தை வாசிக்க, இருவரும் ஒப்பிட்டு முடித்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. விஜயலக்ஷ்மி சாப்பிடப் போனாள். மேரி டிபன் டப்பாவைத் திறக்கவில்லை. புது ஸ்டென்சில் ஒன்றை எடுத்து ஒன்பதாம் பக்கத்தை மறுபடி அடித்தாள், பதினேழாம் பிரிவோடு, முதல் வரைவில் இருந்த வாசகத்தோடு. பழைய ஸ்டென்சிலைக் கசக்கிக் கூடையில் போட்டாள். பிற்பகலில் பியூன் சைக்ளோஸ்டைல் மிஷினில் முந்நூறு பிரதிகள் உருட்டி எடுத்தான்.

வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள்.

“யாரு அடிச்சதுன்னு கண்டுபிடிக்க எம்புட்டு நேரம் ஆவும் மேரி? எனக்குத்தான் வேல இல்லாம ஆவப்போவுது. உனக்குமா?”

“மூணு தடவ குறைச்சுக் குறைச்சு அடிச்சேன். மொத்தமா எடுத்தப்ப கை கேக்கல.”

பிரதிகள் சட்டசபை உறுப்பினர்களுக்குப் போயின. விவாதத்தில் எதிர்க்கட்சித் தொழிற்சங்கக்காரர் ஒருவர் எழுந்து, இந்த அரசை நான் பாராட்டுவது இதுதான் முதல் தடவை என்று தொடங்கிப் பதினேழாம் பிரிவை முழுக்க வாசித்தார். சிலர் மேஜையைத் தட்டினார்கள். அதிகாரிகளின் வரிசையில் பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டதாம். மறுநாள் அரசுத் தரப்பில் சுருக்கமாக அறிவித்தார்கள்: ஒன்பதாம் பக்கத்தில் தட்டச்சுப் பிழை நேர்ந்துவிட்டது, பதினேழாம் பிரிவை நீக்கி வாசித்துக்கொள்ள வேண்டும். பாராட்டிய உறுப்பினர் தம் பிரதியில் அந்தப் பிரிவைப் பேனாவால் அடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். மசோதா அன்று மாலையே நிறைவேறியது.

மேரி பத்து நாள் விசாரணைக்குக் காத்திருந்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் ஆங்கிலத்தில் வாக்கியங்கள் சேர்த்து வைத்திருந்தாள். என் புருஷன் ஆராய்ச்சிக்கு மூன்று வருஷம் ஊதினார் என்று தொடங்கும் வாக்கியங்கள். செக்‌ஷன் ஆபீசர் கெட்டவர் இல்லை. அவளைத் தனியாக உட்காரவைத்து, பழைய வரைவைப் பார்த்துத் தவறுதலாக அடித்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் வேலை மிஞ்சும், வேறு எதை எழுதினாலும் போய்விடும் என்றார். ஞானசேகரன் மில்லைவிட்டு நின்று அப்போது ஒரு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள்.

மேரி எழுதிக் கொடுத்தாள். என் கவனக்குறைவால் நேர்ந்த பிழை என்று தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இரண்டு வருஷச் சம்பள உயர்வை நிறுத்தி, தபால் அனுப்பும் பிரிவுக்கு மாற்றினார்கள். பிற்பாடு விஜயலக்ஷ்மி ஆறுதல் சொல்ல வந்தபோது மேரி சொன்னது ஒன்றுதான்.

“அடிச்சதுக்கு வருத்தமில்ல விஜயா. அத பிழைன்னு எழுதுனேன் பாரு, அதுதான் என்னைத் தின்னுது.”

1967-இல் வாரியம் அமைந்தது. அனந்தகிருஷ்ணன் சொன்னபடி முதல் ஆளாக விண்ணப்பித்தார். நான்கு மாதம் கழித்து மாட்டுங்கா மார்க்கெட்டில் மேரியைப் பார்த்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கலாம், போகவில்லை.

“வாரியத்துல நிராகரிச்சுட்டா அம்மா. பஞ்சுத் தூசுதான் காரணம்னு தெரிஞ்சுபோச்சே, இதுல கண்டுபிடிக்க என்ன இருக்குன்னு எழுதியிருக்கா. அவாளுக்குப் பெரிய ஆராய்ச்சி வேணுமாம். வெளிநாட்டிலேர்ந்து ஒரு மிஷின் வாங்கறா.”

“காரணம் தெரிஞ்சாச்சுன்னா மருந்து குடுக்கலாமே டாக்டர்?”

அது ஆஸ்பத்திரிகளின் வேலை, வாரியத்தின் வேலை இல்லை என்று பதில் வந்ததாக அவர் சொன்னார். ஆஸ்பத்திரியில் கேட்டால் அந்த மாத்திரை ஆராய்ச்சிக்கு வந்தது, நோயாளிகளுக்கு வருவதில்லை என்கிறார்கள். அவர் தன் கைக்காசில் இரண்டு மாதத்துக்கு வாங்கிக் கொடுத்தார். பிறகு அவருக்கும் முடியவில்லை.

1968 மழைக்காலத்தில் ஞானசேகரன் போய்ச் சேர்ந்தான். கடைசி ஒரு வாரம் ஆஸ்பத்திரியில், உட்கார்ந்தபடியே. பகல் பதினோரு மணிக்கு உயிர் பிரிந்தது. அரை மணியில் அனந்தகிருஷ்ணன் வராந்தாவுக்கு வந்து மேரியின் எதிரே நின்றார். கேட்க வாய் வரவில்லை என்றார். நுரையீரலை எடுத்துப் பார்க்க முடிந்தால் தூசு செய்த சேதத்தை நிரூபித்துவிடலாம், அதற்கப்புறம் யாரும் தட்டிக்கழிக்க முடியாது என்றார்.

“உசுரோட இருக்கையில மூணு வருஷம் ஊதுனாரே, அது போதலயா?”

மேரிக்கு அந்த மனிதரை அறைய வேண்டும்போல் இருந்தது. ஆனால் வராந்தாக் கடைசியில் பக்கத்து வீட்டுப் பூலோகம் நின்றுகொண்டிருந்தார். ஷிப்டை விட்டுவிட்டு ஓடி வந்தவர், மேல்மூச்சு வாங்கிக்கொண்டு சுவரைப் பிடித்திருந்தார். மேரி பாரத்தை வாங்கிச் சம்மதம் எழுதினாள். மறுநாள் ஷிவ்ரி கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தபோது, பெட்டிக்குள் அப்பா முழுதாக இல்லை என்று பிள்ளைகளிடம் அவள் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் கட்டுரை வந்தது. டாக்டர் ஒரு பிரதி கொண்டுவந்தார். மேரி ஒரு எழுத்து விடாமல் படித்தாள். அதில் ஞானசேகரனுக்குப் பெயர் இல்லை, நாற்பத்தொன்றாம் எண். மாத்திரை நின்றபின் என்ன ஆனது என்று ஒரு வரி இல்லை. கட்டுரையின் பொருள் அது அல்ல என்று அவர் விளக்கினார்.

இனி என்ன நடக்கும் என்று மேரி கேட்டாள். மில்களில் தூசு உறிஞ்சும் இயந்திரம் வைக்கும்படி சர்க்கார் உத்தரவு போட வேண்டும் என்றார். எந்த இலாகா என்று கேட்டாள். அதை விசாரிக்க வேண்டும் என்றார் அவர்.

மேரிக்கு விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. எந்தக் காகிதம் எந்த இலாகாவுக்குப் போகும், அங்கே எத்தனை நாள் கிடக்கும் என்று தபால் பிரிவில் இருந்தவளுக்குத் தெரியும். டாக்டருக்குக் காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பிவைத்தாள்.

பூலோகம் அதன் பிறகும் நான்கு வருஷம் அதே காத்தாவில், தூசு உறிஞ்சும் இயந்திரம் இல்லாமலே, வேலை பார்த்தார்.