பிள்ளையார் மேல் சவாரி

அறுபதுகளில் மாதுங்காவில் எங்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும், மிருகக்காட்சிசாலையில் யானைச் சவாரிக்கு அழைத்துப்போவது என் பொறுப்பு. எனக்கும் ஓசிச் சவாரி கிடைக்கும் என்பதால் முணுமுணுத்ததில்லை.

ஒருமுறை அத்திம்பேர் வந்திருந்தார். பெரிய பக்திமான். ஏணியில் கால் வைக்கப்போன என்னைத் தடுத்தார்.

"செருப்பைக் கழட்டுடா. பிள்ளையார் மேலே ஏறப்போறோம்."

கழற்றினேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஏறினார். "ஜல்தி, ஜல்தி" என்றான் பாகன். யானை முதுகில் கட்டியிருந்த பெஞ்சில் எங்களோடு இன்னும் ஆறு பேர்.

யானை நடந்தது. பெஞ்சு ஆடியதில், தொங்கிக்கொண்டிருந்த என் வெறுங்கால், பெஞ்சுக்கு அடியில் யானை மேல் போட்டிருந்த சாக்கின் கிழிசலுக்குள் நுழைந்தது. உள்ளே ஈரமாக, சூடாக இருந்தது. காலை இழுத்துப் பார்த்தேன். விரல்களில் சீழும் ரத்தமும். இத்தனை நாளும் செருப்புக் காலால் அந்தப் புண்ணைத்தான் உதைத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

"அத்திம்பேர், யானைக்குப் புண்ணு. கால் பட்டுடுத்து."

"அபசாரம். எறங்கினதும் மூணு தோப்புக்கரணம் போட்டுடு."

இறங்கிப் போட்டேன். அதற்குள் அடுத்த எட்டுப் பேர் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். எல்லோர் காலிலும் செருப்பு. அத்திம்பேருக்கு அதற்குத்தான் கோபம் வந்தது.