சீட்டு இல்லாமல்

சூதாட்டம் என்று யாராவது பேச்செடுத்தாலே நோல்ஃபா கார்காமோவுக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்பா சீட்டாட்டத்தில் மீன்பிடிப் படகையே தோற்றவர். தம்பி எலியேசர், மளிகைக் கடை மூலையில் நிற்கும் சூதாட்ட மிஷின்களில் சம்பளத்தை எல்லாம் கொட்டினான். பொண்டாட்டியும் விட்டுப் போனாள். சிப்பி வேகவைக்கும் ஆலையில் கை வெந்து சம்பாதித்ததைக் கொட்டி அவனை மீட்டவள் நோல்ஃபாதான். இரண்டு வருஷமாக அவன் அந்தப் பக்கம் போகவில்லை.

இப்போது அவள் கணவர் ராமிரோவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் செய்ய வேண்டும். அரசு ஆஸ்பத்திரி வரிசை நகர்வதாக இல்லை, தனியாரில் செய்யக் கையில் பணமும் இல்லை. இப்படி ஒரு வீட்டில் சீக்கு வந்தால் டோமே ஊர் மேட்டுத் தெருக்காரர்கள் பிங்கோ நடத்துவார்கள்; படிக்கிற எண்கள் யார் சீட்டில் முதலில் நிரம்புகிறதோ அவருக்குப் பரிசு. பரிசுப் பொருள்களைத் தெருக்காரர்களே ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள். சீட்டு விற்ற பணம் அந்த வீட்டுக்கு. ஒரு மனுஷன் உயிர் பிழைக்க ஊரே சூதாட வேண்டுமா, இதெல்லாம் ஒரு நாடா என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் நோல்ஃபா சம்மதித்தாள்.

பள்ளிக்கூட ஹாலில் அவளும் சீட்டு விற்றாள். நடு மேசையில் எலியேசர் உட்கார்ந்திருந்தான். மேசை நிறையச் சீட்டு. எண் பலகையை விட்டு அவன் கண் நகரவில்லை. அந்தப் பார்வையை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

“யாருடா உனக்கு வித்தது?”

“ஃப்ரேசியாம்மாதான். கத்தாதக்கா, மச்சானுக்காகத்தானே ஆடுறேன்!”

“மச்சானுக்காகவா? நல்ல சாக்கு கெடச்சுதுடா உனக்கு!” சீட்டுகளை வாரிச் சுக்குநூறாகக் கிழித்தாள்.

தெருச் சங்கத் தலைவி ஃப்ரேசியா ஓடிவந்தாள். “பைத்தியமாடி உனக்கு? இது சூதில்ல, தர்மம்!”

“தர்மம்னா சும்மா குடுக்கட்டுமே! டேய், கையில இன்னும் நோட்டு இருக்கில்ல? சீட்டு கேக்காம வசூல் பெட்டியில போடு, பார்ப்போம்.”

எலியேசர் நோட்டைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். “சீட்டு இல்லாமயா?” என்றான். நோட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போனான். மளிகைக் கடைப் பக்கம்தான் திரும்பினான்.

நோல்ஃபாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “நீங்க எத்தன பேரு சீட்டு இல்லாம குடுப்பீங்க? சொல்லுங்க!” என்று ஹாலைப் பார்த்துக் கத்தினாள். எண் படிக்கிறவர் தொண்டையைச் செருமிவிட்டு அடுத்த எண்ணைப் படித்தார்.

பின் மேசையிலிருந்து ஒரு கை நீண்டது. “எனக்கு ரெண்டு சீட்டு குடும்மா.”

உனக்கும் வீட்டில் ஓர் அக்கா இருக்கிறாளா என்று கேட்க வாய் வரை வந்தது. ராமிரோ மூச்சுக்குத் திணறுவது கண்முன் வந்து நின்றது. கேட்காமலே கொடுத்தாள்.