பஸ் தரிப்பில் கைமாறின பிள்ளை

செல்வியும் புருஷன் அன்ரனும் கோயிலுக்குக்கூடச் சேர்ந்து வாறதில்லை. ரெண்டு பேருக்கும் சண்டை எண்டு கோயில் பங்கு முழுக்கக் கதைச்சது நான்தான். வெட்கமாக் கிடக்கு.

இண்டைக்கு, இந்த இத்தாலி ஊரின்ர பெரிய ரயில் நிலையம் ஸ்தாசியோனே சென்ட்ராலேயடியில் பஸ்ஸுக்கு நிண்டன். துறைமுக வேலை முடிஞ்சு வந்த அன்ரன் பஸ்ஸால இறங்கினான். பிள்ளையோட நிண்ட செல்வி, சின்னோரா எண்ட இத்தாலிக்கார எசமானி வீட்டு வேலைக்கு அதே பஸ்ஸில் ஏறவேணும்.

"அக்கா, இந்த வீட்டுத் திறப்பை ஒருக்காப் பிடியுங்கோ" எண்டு என்னட்டைத் தந்துபோட்டு, பிள்ளையை அவனிட்டை நீட்டினாள்.

"பால் குடிச்சிட்டாள்."

"காய்ச்சல்?"

"இல்லை. நீங்கள் சாப்பிடுங்கோ."

"ஓம், ஓடு!"

அவ்வளவுதான் குடும்பம் நடத்தினது. பிள்ளை முழிக்கவேயில்லை. திருநாளுக்கு மாதா சுரூபத்தைக்கூட நாங்கள் இவ்வளவு பக்குவமாத் தூக்கிறதில்லை. நான் வாயைப் பிளந்தபடி அடுத்த பஸ்ஸில் ஏறி வீட்டை வந்திட்டன்.

அவையளிட்டை இருக்கிறது ஒரே திறப்பு. அது இப்ப என்ர கையில. கதவடியில பிள்ளையோட நிக்கிற அன்ரனைக் கண்டால், வாறன் எண்டு சொல்லிவிடுங்கோ.